எந்த ரோட்டிலிருந்து

திரையில் புளியந்தோப்பைச் சாய்த்துப் பார்க்கிறேன்.
முப்பத்தொன்றாம் மேன்ஹோல் அருகே
பழைய கழிவுநீர்க் குழாய்
நாங்கள் போடப்போகும் மழைநீர் வடிகாலின்
வயிற்றைத் துளைத்துக்கொண்டு போகிறது.
சிவப்பு. மறுபடி சிவப்பு.

முதலில் மைனஸ் குறியைத்தான் சந்தேகித்தேன்.
கடல்மட்டத்துக்குக் கீழே ஓடும் குழாய்கள் உண்டு இந்த ஊரில்;
சின்னக் கோடு ஒன்று விட்டுப்போனால்
சாக்கடை மாடியேறிவிடும்.
இங்கே அப்படியில்லை.
அடிமட்டத்தை உச்சி என்று எழுதினார்களா?
அதுவுமில்லை.

சர்வேயர் தணிகாசலம்
லாரி ஹாரன்களுக்கு நடுவே கத்தினார்:
"மேடம், டிராயிங்ல ஆழம் ரெண்டு பத்துன்னு இருக்கு,
ரோட்டுலேர்ந்து.
எந்த ரோட்டுலேர்ந்து?
ஒரு வீட்டு வாசல்ல நிக்கிறேன்,
மூணு படி எறங்கித்தான் உள்ள போறாங்க.
ஏறுறதுக்கு ரெண்டு படி இருந்துச்சாம்,
தாருக்கு அடியில கெடக்குது."

மென்பொருள் பாவம்,
இன்றைய சாலையிலிருந்து
அன்றைய ஆழத்தைக் கழித்திருக்கிறது.
குழாய் போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

பன்னிரண்டு குழிகளை ஒவ்வொன்றாக இறக்கினேன்.
0.62. 0.58. 0.60.
ஒன்றுக்கு மட்டும் 0.71,
எதிரே கட்சி அலுவலகம்.
சிவப்பு அணைந்தது. டீ ஆறிப்போயிருந்தது.

கோப்பை மூடுமுன்
யாரும் கேட்காத புள்ளி ஒன்றைச் சேர்த்தேன்:
அந்த வீட்டின் தரை,
சாலைக்கு ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் கீழே.
விளக்கம் கேட்டது பெட்டி.
'தண்ணீர் முதலில் இங்கே வரும்'
என்று அடித்தேன்.