மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் கூண்டு ஏற்றி ஐந்து நாள்.
வாடை, தகரக் கூரையின் ஆணிகளை
ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கிறது.
வடகடல் சேற்று நிறத்தில் எழும்பி
விசைப்படகுகளை மூக்கோடு மூக்கு உரசவிடுகிறது.
டோக்கன் கிடையாது. டீசல் கிடையாது.
தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
நானும் நூற்றுப் பதினெட்டுப் பாரும் இருக்கிறோம்.

விற்காத ஐஸ் படுத்துக் கிடக்காது.
சாக்கும் உமியும் போர்த்தி வைத்தாலும்
ராத்திரியில் எழுந்து
வாசல் வரை நடந்துவிடும், தண்ணீராக.
கணக்கு நோட்டில் 'கரைந்தது' என்று ஒரு பத்தி உண்டு.
முதலாளி அதை மட்டும்
கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார்.

லடாக்கிலிருந்து தம்பி வியாகுலராஜ் பேசினான்.
போனைத் திருப்பிக் காட்டினான்:
கதவு இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர்.
விடிந்ததும் முதல் வேலை, மண்வெட்டியால் வழி வெட்டுவது.
அடுத்த வேலை, கக்கூஸுக்கு வழி வெட்டுவது.
குழாயைக் கொளுத்திய துணியால் தடவித்
தண்ணீரை எழுப்ப வேண்டுமாம்.
முட்டையைச் சுத்தியலால் உடைத்தானாம்.
சிரித்தபோது உதடு வெடித்திருந்தது தெரிந்தது.
அவன் அதைச் சொல்லவில்லை.

"அங்க பனி எப்படிக்கா?"

பனிதான், என்றேன்.
விடியக்காலையில் உடைமரக் காட்டைக் காணோம்.
பாலத்தில் ரயில் போகவில்லை, சத்தம் மட்டும் போகிறது.
கருவாடு காயாமல் புழு வைக்கிறது.
உன் மருமகனுக்குச் சளி,
அவன் சட்டை மூன்று நாளாகக் கொடியில் ஈரம்.

ஒரே சொல்லின் இரண்டு முனையையும்
ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தோம்.
அவன் முனையில் அது ஆளைப் புதைக்கும்.
என் முனையில் தும்மும்.

"ஒரு பார் இப்ப என்ன விலை?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்ப காலையிலேயே
ஒரு லட்சத்த வாரி எறிஞ்சிட்டேன்க்கா."

சாயங்காலம் குடில் கட்டும் பையன்கள் வந்தார்கள்,
ஜெரால்டு முன்னால்,
மும்தாஜ் மகன் ஹபீப் அவன் முதுகுக்குப் பின்னால்.
குடிலில் போட்ட பஞ்சு நனைந்து கறுத்துவிட்டதாம்.
பெத்லகேமில் பனி விழுந்ததா என்று
சாமியாரிடம் கேட்டார்களாம். அவர் இருமினாராம்.
விழுந்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.
அக்கா, ஒரே ஒரு பார்.

அரவை எந்திரத்தைப் போட்டேன்.
ஐந்து நாள் சும்மா இருந்த பற்கள்
கிறீச்சிட்டன, பிறகு கடித்தன.
சறுக்குத் தகட்டில் பொலபொலவென்று வந்தது,
பழைய நெத்திலி வாடையோடு, ஒன்றிரண்டு செதிலோடு.
கூடையில் ஏந்திக்கொண்டு ஓடினார்கள்.
கோயில் தெருவில் பாதி தூரம் வரைக்கும்
எங்கள் ஊரில் பனி பெய்திருந்தது.
ஒரு நாய் நக்கிப் பார்த்துத் தலையை உதறியது.

படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன்.
ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது.

மறுநாள் காலை
இடையர்கள் கணுக்கால் தண்ணீரில் நின்றார்கள்.
வைக்கோல் மிதந்தது. ஒட்டகத்தின் சாயம் இறங்கி
மாதாவின் நீலத்தோடு கலந்திருந்தது.
நல்லவேளை, பாலனை இன்னும் வைக்கவில்லை.
நோட்டில் எழுதினேன்: கரைந்தது, ஒன்று.
போனைப் பார்த்தேன். ஒற்றை டிக்.
அடுத்த நாளும் ஒற்றை டிக்.

எட்டாம் நாள் கூண்டு இறங்கியது.
டீசல் பங்க்கில் சண்டை, தெருவெல்லாம் வண்டி.
வாய்க்கு வந்த பெயரில் என்னைக் கூப்பிட்டார்கள்.
பார் பாராகத் தள்ளினேன், எந்திரம் நிற்கவேயில்லை.
உச்சிப் பொழுதுக்குள் குளிர்க்கிடங்கு காலி,
என் விரல்களில் மட்டும் மிச்சம்.
அப்போதுதான் இடுப்பில் போன் அடித்தது.

மரத்த விரலைப் போனுக்கு அடையாளம் தெரியாது.
தேய்த்தேன். ஊதினேன். பாவாடையில் துடைத்துத் தேய்த்தேன்.
அது அடித்துக்கொண்டே இருந்தது.
கடைசியில் மூக்கால் தள்ளினேன்.

"என்னக்கா அங்க இவ்வளவு இரைச்சல்?"
"இருடா,
கதவைச் சாத்திட்டு வர்றேன்."