செவ்வாய், நாலு பத்து

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாள்களில்
தெருமுனையில் கயிறு கட்டிவிடுகிறார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
நான் சந்தியாகோவிலிருந்து வந்தவள்.
பிடிக்க வெட்கப்பட்டு இரண்டு முறை விழுந்தேன்.

வேலை எளிது என்றார்கள்.
மனநலப் பிரிவில் நான்கு உளவியலாளர்கள்,
மாதம் இருமுறை விமானத்தில் வந்துபோகும் ஒரு மருத்துவர்.
எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேரைப் பார்க்க முடியும்,
மீதி எவ்வளவு.

மூன்று பெட்டி வரைந்தேன். நடுவே அம்புகள்.
வரத்து வாரத்துக்குப் பதினேழு.
பார்த்து அனுப்புவது பதினொன்று.
வரிசை ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும்.
போகவில்லை.
இரண்டு ஆண்டாக நூற்று நாற்பதிலேயே நிற்கிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்
வாரம் ஆறு பேர் எங்கோ போய்விடுகிறார்கள்.
அவர்களுக்காக இன்னொரு அம்பு போட்டேன்,
எந்தப் பெட்டியிலும் போய்ச் சேராத அம்பு.
விலகல் விகிதம் என்று பெயர் வைத்தேன்.
உடனே வளைவு தரவின் மேல்
இஸ்திரி போட்ட சட்டைபோல் படிந்தது.
இயக்குநருக்கு மகிழ்ச்சி. "நிலையான அமைப்பு" என்றார்.

வரவேற்பு மேசை ஒத்திலியாதான் கேட்டாள்:
"கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் வைக்கிறவர்களை
எந்தப் பெட்டியில் போட்டிருக்கிறீர்கள்?"

இழுப்பறையிலிருந்து எடுத்தாள்,
நண்டுக் கம்பெனி இலவசமாய்க் கொடுத்த டயரி.
தேதி, நேரம், ஒரு கோடு.
சில கோடுகளின் பக்கத்தில்
நாய் குரைத்தது.
படகு எஞ்சின்.
யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.
அப்புறம் கூப்பிடுகிறேன் என்றார், ஆண்.

ஓராண்டில் அறுநூற்றுப் பதின்மூன்று கோடுகள்.
வாரத்துக்குப் பன்னிரண்டு.
என் பதினேழை நான் எங்கிருந்து எடுத்தேன்?
படிவம் நிரப்பத் தெம்பிருந்தவர்களிடமிருந்து.

ஒரே ஆளாக இருக்கலாம் என்று தோன்றியவற்றை
இரவெல்லாம் சேர்த்துப் பார்த்தேன்.
செவ்வாய், நாலு பத்து.
முப்பத்தொரு முறை.

அடுத்த செவ்வாய் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்,
தண்ணீர் குடிக்க வந்தவள்போல.
நாலு பத்து கடந்தது. நாலு பன்னிரண்டு.
நாலு பதினாலுக்கு அடித்தது.

ஒத்திலியா வணக்கம் சொல்லவில்லை, பிரிவின் பெயரும் சொல்லவில்லை.
"இங்கேதான் இருக்கிறேன்" என்றாள்.
பிறகு அவளும் பேசவில்லை.
அந்தப் பக்கம் காற்று.
இந்தப் பக்கம் ஜன்னலை ஆட்டுவதும் அதே காற்றுதான்.

பத்தொன்பது நிமிடம்.
என் அட்டவணையில் அவளுடைய சேவை நேரம்
பூச்சியம் என்றுதான் இருக்கிறது.

அதற்குள் இன்னொரு இணைப்பு
இரண்டு முறை அடித்து அடித்து ஓய்ந்தது.
எடுக்க ஆளில்லை. எனக்கு அந்த மொழி போதாது,
தாய்மொழிதான் என்றாலும்.

டயரியை என் பக்கம் இழுத்து
இரண்டு கோடு போட்டேன்.
பக்கத்தில் எழுத ஒன்றும் கேட்கவில்லை.