எலியில்லா மேசை

அக்னி நட்சத்திரத்தின் மூன்றாம் நாள்
என் மௌஸ் செத்துப்போனது.
அடிவயிற்றுச் சிவப்பு வெளிச்சம்
இரண்டு முறை விக்கி அணைந்தது, அவ்வளவுதான்.
சத்துவாச்சாரியில் மணி இரண்டு,
வெயில் நூற்றெட்டு.
புதிது வாங்க வெளியே போனால்
ரோட்டில் என்னைத்தான் வழித்தெடுக்க வேண்டும்.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு
பில் போடும் மென்பொருள்
ஆறு மணிக்குள் போயாகணும்.

நீரில்லா ஆறு, மரமில்லா மலை,
அரசனில்லா கோட்டை என்று
இந்த ஊர் விரல் மடக்கிச் சொல்லும் பட்டியலில்
எலியில்லா மேசை என்று
நானும் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.

பிரிசில்லா பெங்களூர் போன அன்று
மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டு
ஒன்றரை வருடமாக அங்கேயே இருந்தது,
பசை காய்ந்து ஒரு மூலை சுருண்டு.
அன்றுதான் படித்தேன்.

ஆல்ட்டோடு மேலம்பு, வரி மேலே ஏறும்.
கண்ட்ரோல் பி, பெயரைத் தட்டினால் கோப்பு வரும்.
கண்ட்ரோல் ஷிப்ட் கே, வரி ஒழியும்.
"இதை டெல்லிக்கு அனுப்பு,
ஜிஎஸ்டிக்கு உதவும்" என்றான்
பக்கத்து மேசை அன்வர் பாஷா.

முதல் அரைமணி
வலது கை பழக்கதோஷத்தில்
வெறும் மேசையைத் தடவித் தடவித் திரும்பியது,
கரண்ட் போன ராத்திரியில் தீப்பெட்டி தேடுகிற மாதிரி.

ஒரு சாண் போக, ஒரு சாண் வர.
நாளைக்கு எண்ணூறு தடவை என்று வைத்தாலும்
முந்நூறு மீட்டருக்குக் குறையாது.
வருடம் இருநூற்றைம்பது நாள், மூன்று வருடம்.
போனில் பெருக்கினேன்:
இருநூற்று இருபத்தைந்து கிலோமீட்டர்.
என் வலது கை
ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி
பெங்களூருக்குள் எப்போதோ நுழைந்துவிட்டிருக்கிறது.
நான்தான்
நெடுஞ்சாலை ஓரத்து இரண்டாம் மாடியில்
அந்தப் பக்கம் போகும் பஸ்களின் ஹாரனைக் கேட்டபடி
இங்கேயே.

நாலு மணிக்குக் கொஞ்சம் திமிர் வந்தது.
ஒரு சொல்லைப் பிடித்து
அதே சொல் இருக்கும் எல்லா இடத்தையும் ஒரே விசையில் பிடித்தேன்.
அறுபத்தேழு கர்சர்கள் சேர்ந்தாற்போல் கண்சிமிட்டின,
காட்பாடி மேம்பாலத்தில் மாட்டிக்கொண்ட ஆட்டோக்களின்
இண்டிகேட்டர் போல.
'டாட்' எல்லாம் 'டோட்டல்' ஆகட்டும் என்று தட்டினேன்.
ஏற்கெனவே டோட்டலாக இருந்ததெல்லாம்
டோட்டலல் ஆகி இளித்தது.
கண்ட்ரோல் இசட்.
(வாழ்க்கைக்கு அது இல்லை என்று
முனிரத்தினம் சார் போன வாரமே ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்.
ஆகவே நான் சொல்லவில்லை.)

ஐந்து நாற்பத்தொன்றுக்கு வேலை முடிந்தது.
பத்தொன்பது நிமிடம்.
மூன்று வருடத்தில் முதன்முறையாகக்
கையில் மிச்சம்.
"முடிஞ்சுதாம்மா?"
"இன்னும் கொஞ்சம் சார்."

பிரிசில்லாவின் மெசேஜ் பதினோரு நாளாகக் கிடக்கிறது:
'இங்க ஒரு வேக்கன்சி. ரெஸ்யூமே அனுப்புடி.'
பழைய கோப்பை அதே எடிட்டரில் திறந்தேன்.
படிப்பு, அனுபவம் எல்லாம்
மேலும் கீழும் ஏறி இறங்கிச் சரியாக உட்கார்ந்தன.
கடைசியில் முகவரி.
சத்துவாச்சாரி, ஃபேஸ் டூ, வேலூர் ஒன்பது.

ஒரே ஒரு வரி.
கண்ட்ரோலும் ஷிப்ட்டும் இடது கைக்குப் பக்கம்,
அது அழுத்திக்கொண்டு காத்திருந்தது.
கே வலது கையின் வேலை.
இருநூற்று இருபத்தைந்து கிலோமீட்டர் போன கை
அரை அங்குலத்துக்கு யோசித்தது.

பின்னால் முனிரத்தினம் சாரின் செருப்புச் சத்தம்.
ஆல்ட் டேப்.

அதை மட்டும் எனக்கு
யாரும் எழுதித்தர வேண்டியிருக்கவில்லை.