இருபத்தேழாம் இதழின் கடைசிப் பக்கம்

கடைசிப் பக்கத்தை மான் தின்றுவிட்டது.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு ஒருவரும் என்னைக் குறைசொல்லக் கூடாது.

கோட்டை வாசலில், சைக்கிள் கரியரில்,
பௌதிகவியல் கொப்பிக்குள் செருகியிருந்தது
ஈயச்சிறகு, இதழ் இருபத்தேழு.
ரிஃப்லானின் மாமா
கண் ஒப்பரேஷனுக்குச் சென்னை போனவர்,
ஒற்றைக் கண் கட்டோடு
நடைபாதைக் கடையில் பேரம்பேசி எடுத்தது.
நான் பிளேன்டீ குடித்துத் திரும்புவதற்குள்
புள்ளிமான் ஒன்று
அவசரமே இல்லாமல்,
வெற்றிலை போடுகிற மாதிரி
மென்றுகொண்டு நின்றது.

ஆகவே ஈயச்சிறகுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று
திருகோணமலையில் ஒருவருக்கும் தெரியாது.

டிவியில் தெரியும்.
டிவியில் அவள் பறக்கிறாள்.
வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்கு,
வாயசைவு ஒருபக்கம் தமிழ் ஒருபக்கமாக,
பறக்கிறாள்.

"பறக்கிறதாமோ?"
டச்சுக்குடாச் சுவரில் குந்தியிருந்து ஷெல்டன் கொதிக்கிறான்.
"பயந்தா எலும்பெல்லாம் ஈயமாகும். அதுதானடா அவள்.
அவளுக்கு விழத்தான் தெரியும்.
எங்க விழுறது எண்டு பார்த்து விழுறாளே,
அதுதான் வீரம்."

கொமிக்ஸில் பதினைந்து வயது. முகப்பரு. பல்லுக்குக் கம்பி.
டிவிக்காரிக்கு இருபத்தாறாவது இருக்கும்,
கட்டடமே இடிந்தாலும் தலைமுடி கலையாது.

"கீறினவன் ஒரு பென்சிலால விழுத்திப்போடுவான்,"
ரிஃப்லான் சொல்கிறான்.
"உண்மையான பிள்ளையைக் கிழமைக்கு ஒருக்கா விழுத்த
ஆரிட்டக் காசிருக்கு மச்சான்?"

பிறகு அண்ணன் விஷயம்.
மூன்றாம் இதழில் பாண் வாங்கப் போன அண்ணன்
வரவேயில்லை.
அதற்குப் பிறகு ஒவ்வொரு இதழிலும்
ஏதோவொரு கட்டத்தின் மூலையில்
ஒரு சோடிச் செருப்பு கிடக்கும்.
ஒருவரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.
எந்தக் கட்டம் என்று தேடுவதுதான் எங்கள் விளையாட்டு.
ஒன்பதாம் இதழில் ஷெல்டன்
பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தான்.

டிவியில், இரண்டாம் பருவத்தில்,
அண்ணன் திரும்பி வருகிறான்.
மழைக்குள், வயலினோடு, மெல்ல மெல்ல ஓடி.

"மலிவு வேலை," என்றேன் நான்.
"சுத்த விசர்," என்றான் ஷெல்டன்.
எங்கள் எல்லோரையும்விட அந்த நாடகத்தைத் திட்டுகிற யதுர்ஷா
சுண்டல் சரையை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.
"அந்தப் பகுதியை அம்மா மூண்டு தரம் பார்த்தவா," என்றாள்.
"அவ டிவியே பார்க்கிறேல்லை."

கடல் தன் பாட்டில் கிடந்தது.
ஷெல்டன் காலாட்டுவதை நிறுத்தினான்.

அப்போதுதான் பேர்ஸிலிருந்து எடுத்தேன்,
ஒரு மாதமாக ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்ததை.
மானின் வாயிலிருந்து நான் பறித்த மூலை:
கொஞ்சம் நீலம், பல் பட்ட விளிம்பு,
பேச்சுக் குமிழில் பாதி.
அதற்குள் ஒரேயொரு எழுத்து.
வா.

"ஆர் ஆரைக் கூப்பிடுறது?" ஷெல்டன்.
"கூப்பிடுறது எண்டு ஆர் சொன்னது? அதுக்குப் பிறகு கிழிஞ்சிருக்கு," யதுர்ஷா.
கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.
"வாறன் எண்டும் இருக்கலாம்."
"சென்னைக்காரன் வாறன் எண்டு எழுத மாட்டான்."
"அப்ப வாசல்."
"வாழைப்பழம்," என்றான் ரிஃப்லான்.
அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
மூக்கால் வந்தது.

துண்டை அவள் திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஆறரை மணிக் கிண்ணியா பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கியபடி
ரிஃப்லான் இன்னும் கத்துகிறான்:
வாளி! வாத்து! வானொலி!
நடுறோட்டில் நாலு மான்கள்.
டிரைவர் ஹோர்னை அமத்திப் பிடிக்க,
அடுத்த சொல்லில்
எங்களுக்குக் கேட்டது
முதல் எழுத்து மட்டும்.