பதினேழாம் எண் தடம்

இன்றைக்கு என் டிராம் ஓடாது.
ஏப்ரல் சனிக்கிழமை.
பிராகின் ஆற்றோரச் சாலையைக் கயிறு கட்டி மறித்துப்
பன்னிரண்டாயிரம் பேருக்குக் கொடுத்துவிட்டார்கள்.
அதில் ஒருத்தி நான்.

ஒன்பது வருடம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
பார்த்துக்கொண்டிருந்த காற்று இது.
அதற்குப் பல் உண்டென்று
இப்போதுதான் தெரிகிறது.

குப்பைப் பைகளைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு
நடுங்கி நிற்கிறோம்.
வெடி வெடித்து ஆறு நிமிடமாகியும்
யாரும் நகரவில்லை.
திங்கட்கிழமை காலை போலவே இருந்தது.

பிறகு நகர்ந்தோம்.
தண்டவாளப் பள்ளம், கால் பத்திரம் என்று
எல்லோரும் எல்லோருக்கும் சொல்கிறார்கள்.
எனக்குச் சொல்ல வேண்டாம்.
இந்த இரும்பு இப்படி மினுங்குவதில்
என் சக்கரங்களுக்கும் பங்குண்டு.
எந்த வளைவில் அது முனகும்,
எந்த மேட்டில் நிற்கிறவர்கள் கம்பியைப் பிடிப்பார்கள்,
எல்லாம் என் இடது கைக்கு மனப்பாடம்.
கால்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.
இவ்வளவு ஏற்றமா இந்தப் பாலம்?

பாலாட்ஸ்கி சதுக்கம்.
உடம்பு தானாகத் தளர்கிறது.
இருபது நொடி நிற்க வேண்டிய இடம்.
நிழற்குடையில் ஏறுவதற்கு யாருமில்லை,
ஒரு கிழவர் மட்டும் குக்கர் மூடியைக்
கரண்டியால் தட்டிக்கொண்டிருக்கிறார்.
நில்லாமல் கடந்தேன்,
ஒன்பது வருடத்தில் முதல் குற்றம்.

தேசிய நாடக அரங்கு தாண்டியதும்
எனக்கு முன்னால் அந்த ஓட்டம்.
வலது தோளைச் சற்றே இறக்கி,
இல்லாத ஒரு பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு.

உன்னை எனக்குத் தெரியும்.
காலை ஆறு பன்னிரண்டு,
வீட்டோன் நிறுத்தம்,
பக்கக் கண்ணாடியில் வளர்கிற பழுப்புப் பை.
கதவை மூடுகிறேன்,
நீ சிறுத்துப் போகிறாய்.
சில நாள் கையை உயர்த்தி ஏதோ சொல்வாய்.
கண்ணாடிக்குக் காது கிடையாது.

உன் முதுகை இன்றுதான் பார்க்கிறேன்.
அதில் வெயில் விழுகிறது,
வியர்வை ஒரு நாட்டின் வரைபடம் போலப் பரவுகிறது.
துரத்துகிறவள் நான்.
எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறாயா?
கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும்.
இப்படித்தான் இருக்கும்:
நெஞ்சில் ஒரு வாளி,
அதற்குள் யாரோ உருட்டும் கூழாங்கல்.

பதினாறாவது கிலோமீட்டரில் அவன்
ஒரு நிறுத்தக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.
தொடைப் பிடிப்பு.
நெஞ்சில் குத்திய எண்ணுக்குக் கீழே
ராதிம் என்று எழுதியிருந்தது.
எனக்கும் நின்றுவிட ஒரு சாக்கு தேவைப்பட்டது,
பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம்.
"நடந்தால் விட்டுவிடும்," என்றேன்.
"நீங்கள் போங்கள், நேரம் போகிறது," என்றான்.
இதை அவன் என்னிடம் சொல்கிறான்!
சிரிப்பு வந்து விலாவைப் பிடித்துக்கொண்டது.
இருநூறு மீட்டர், பேச்சில்லாமல்,
இரண்டு நொண்டிகள்,
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒருவன்,
இந்தப் பக்கம் ஒருத்தி.
பிறகு அவன் கையாட்ட,
நான் போனேன்.

முடிவுக் கோட்டில் பதக்கம் போட்ட சிறுவன்
கழுத்துக்குப் பதில் காதில் மாட்டினான்.
வாழைப்பழம் கொடுத்தார்கள்.
மெட்ரோப் படிகளில் நண்டு மாதிரி
பக்கவாட்டில் இறங்கினேன்.
அவன் முடித்தானா, தெரியாது.

திங்கள். ஆறு பன்னிரண்டு.
கண்ணாடியில் பழுப்புப் பை,
ஓட முடியாமல், ஒரு காலை இழுத்துக்கொண்டு.
என் விரல் பொத்தானின் மேல்.
என் தொடையும்தான் வலிக்கிறது.

ஏறினான்.
அடைத்த கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த
என் பின்னந்தலையிடம்
மூச்சிரைக்க நன்றி சொன்னான்.
முப்பத்தொரு நொடி தாமதம் என்கிறது திரை.
இருக்கட்டும்.
ஆற்றோரத்தில் பிடித்துக்கொள்ளலாம்.