முப்பத்தொன்று, மேலிருந்து கீழ்

பனி இன்னும் விழத் தொடங்கவில்லை.
டுலூத் நகரத்துப் பனிவண்டிக் கொட்டகையில்
மூன்று பேர் காத்திருக்கிறோம்.
நேற்றைய காப்பி, இன்றைய செய்தித்தாள்,
ஒரே ஒரு பேனா.
பென்சிலைத் தொடமாட்டார் ஆர்விட் கொஸ்கெலா.
அழிக்கத் தெரிந்தவனுக்கு
யோசிக்கத் தெரியாது என்பது அவர் கட்சி.

பதினேழு, இடமிருந்து வலம்:
எழுபதுகளின் தொலைக்காட்சித் துப்பறிவாளன்
குடியிருந்த படகு. நான்கெழுத்து.
"இங்கா," என்கிறார், கட்டத்தைப் பார்க்காமலே.
அந்தப் படகுக்கு எத்தனை சன்னல் என்றுகூடச் சொல்வார்.
மூன்றாவது மனைவியின் பிறந்தநாள்தான்
நினைவில் நிற்காது.

இருபத்திரண்டு:
முகமூடியோடு மட்டும் மேடையேறும் ராப் பாடகன்.
கஸூவா வாங் கண்ணை உருட்டுகிறாள்.
"நிக்ஸோ. இதெல்லாம் ஒரு கேள்வியா?"
ஆர்விட் எழுதுகிறார், நம்பாமல்.
மேலிருந்து இறங்கிய 'எக்ஸ்'
அதே இடத்தில் வந்து உட்கார்ந்ததும்
நாற்காலியில் லேசாகத் துள்ளுகிறார்.
துள்ளியதை மறைக்க இருமுகிறார்.

எனக்கு நாற்பத்து நான்கு.
இருவருக்கும் நடுவே
கறுப்புக் கட்டம்போல் உட்கார்ந்திருக்கிறேன்.
ஓபோ, ஈமு, ஈரி ஏரி,
உயிரெழுத்து நிறைந்திருப்பதாலேயே
தினமும் வேலைக்கு அழைக்கப்படும் சொற்கள்,
அவை எனக்கு அத்துப்படி.
ஆனால் நான் பல் விழுந்து முளைத்த வருடங்களை
யாரும் கேட்பதில்லை.
பழசாக இன்னும் நாளாகும்போல.
புதுசு என்று சொல்லவும் வாய் வராது.

நள்ளிரவு தாண்டி இரண்டுக்குப் பனி வந்தது.
முழங்கால் வலியென்று ஆர்விட் வானொலி மேசையில்.
கஸூவா மேட்டுத் தெருக்களுக்கு.
நான் அறுபத்தொன்றாம் நெடுஞ்சாலையில்.
வலப்பக்கம் ஏரி இருக்கிறது என்பது
ஒரு நம்பிக்கை மட்டுமே.
முன்விளக்கில் வெள்ளை,
அதற்கப்பால் மேலும் வெள்ளை.

"டானியா, கேட்கிறதா?"
"சொல்லுங்கள். விபத்தா?"
"முப்பத்தொன்று, மேலிருந்து கீழ்.
தொண்ணூற்றொன்றில்
காலைச் சோளப்பொரி டப்பாவின்மேல்
சறுக்கு விளையாடிய கரடி. ஏழெழுத்து."

என்னைக் கேட்காமலே வாய் திறந்தது.
"பிம்ப்ளி!"
அதோடு நிற்கவில்லை.
முப்பது வருடம் தொண்டையில் சும்மா கிடந்த
விளம்பரப் பாட்டு முதல் பத்தி முழுக்க,
ராகம் பிசகாமல், பொதுவானொலியில்,
எட்டுக் கூப்பன் வெட்டி அனுப்பியும்
வராமல் போன விசிலின் கோபத்தோடு.

இரைச்சல்.
கலப்பை தாரைச் சுரண்டும் சத்தம்.
பிறகு டூ ஹார்பர்ஸ் பக்கமிருந்து
முன்பின் தெரியாத ஓர் ஆண்குரல்
இரண்டாம் பத்தியை எடுத்தது.
ப்ராக்டரிலிருந்து ஒரு பெண்,
கடைசியில் கரடி போடும் உறுமலை
அப்படியே போட்டாள்.
மேட்டுத் தெருவிலிருந்து கஸூவா:
"யார் நீங்களெல்லாம்?"

விடிந்து ஏழு மணிக்குத் திரும்பினோம்.
பூட்ஸ் உருகித் தரையெல்லாம் ஈரம்.
தாளில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம் மிச்சம்.
குறுக்கே, நாற்பத்தொன்பதில் பந்தாடிய ஒருவர்.
"அது என் அப்பா காலம்," என்கிறார் ஆர்விட்.
நெடுக்கே, போன மாதம் பிரபலமான
உதட்டுச்சாயக்காரி ஒருத்தி.
"அது என் தங்கை காலம்," என்கிறாள் கஸூவா.
அவளுக்கு வயது இருபத்து மூன்று.

'ஏ'யா, 'ஓ'வா?
கைப்பேசியைத் தொட்டால்
ஒரு வாரம் கழிவறை கழுவவேண்டும்,
அது கொட்டகைச் சட்டம்.
மூவரும் குனிந்து பார்க்கிறோம்,
கிணற்றில் வாளி விழுந்தவர்கள்போல்.

ஆர்விட் பேனாவை மூடினார்.
தொண்டையைச் செருமினார்.
"யாரிடமாவது," என்றார்,
சன்னலைப் பார்த்தபடி,
"பென்சில் இருக்கிறதா?"