காலாவதி

மேடன் வார்ஃப், சர்க்கரைக் கிடங்கு ஏழு.
இரவு இரண்டே கால்.
என் அறைக் கண்ணாடியைத் தட்டுகிறாள் எடைமேடை தயாஷ்னி:
"இன்னும் என்னைக் கதாமுத்து என்றே கூப்பிடுகிறது உன் பெட்டி."

ஜோபர்க்கில் மாற்றிவிட்டார்கள், செவ்வாயன்றே.
தீர்ப்பின் நகல், முத்திரை, மூன்று கையெழுத்து.
தலைமைக் கோப்பகத்தில் அவள் மறுபடி எல்லுமலை.
ஏழுமலைதான்.
எந்தக் காலத்துக் குமாஸ்தாவோ
ழகரம் வாய்க்காமல் இரண்டு லகரம் போட்டுவிட்டான்.
அந்தப் பிழைதான் அவளுக்கு வேண்டும்.

ஆனால் இந்தப் பெட்டி
ஒவ்வொரு முறையும் ஜோபர்க்கைக் கேட்பதில்லை.
ஒருமுறை கேட்டதை ஓரமாய் எழுதிவைத்துக்கொள்ளும்.
கேஷ், என்றேன்.
காவலர் சிபோனெலோ திரும்பிப் பார்த்தார்
சம்பளம் வந்துவிட்டதா என்று.

கருந்திரை. வெள்ளைக் கட்டம் துடிக்கிறது.
ஒரு வரி அடித்தேன்:
இந்த ஒருத்தியின் பதிவு காலாவதி.
அடுத்த வரி: இவள் யார்?
கதாமுத்து, என்றது கூசாமல்.

காலாவதி என்றால் அழிப்பு இல்லை.
இனி நம்பாதே, போய்க் கேட்டு வா என்பது மட்டும்தான்.
கேட்கப் போன வழியில் மின்சாரம் இல்லை.
லோட் ஷெடிங், நாலாம் கட்டம்;
மேட்டுக் கோபுரத்தில் பேட்டரியை யாரோ
கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.
கேட்க ஆளில்லாவிட்டால் பழையதையே சொல்வது அதன் சுபாவம்.
இரவு ஷிஃப்டைக் காப்பாற்றுவதும் அந்தச் சுபாவம்தான்.
அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

"எட்டு வருஷம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறேன்,"
என்றாள். அவ்வளவுதான்.

கை முந்திக்கொண்டது.
சேவையை நிறுத்தினேன்.
கேஷ் கிடக்கும் அடைவுக்குள் இறங்கி
இருந்த கோப்புகளை
ஒரு நட்சத்திரக் குறியால் துடைத்தேன்.
சேவையை எழுப்பினேன்.
இவள் யார்?
அப்படி யாரும் இல்லை.

சிரித்தாள்.
நானும் சிரித்துக்கொண்டே பட்டியலை விரித்தேன்.
கோப்புகளின் சொந்தக்காரர் பெயர் இருந்த இடத்தில்
71408, 71433, 70962, மறுபடி 71408.
எண்ணோடு கப்பலிறங்கியவர்களின் ஊர் இது,
என்று தொடங்கிய நினைப்பை முடிக்கவில்லை,
கதவில் ஆள்.

க்ரேன் பூபாலனைத் திரை உள்ளே விடவில்லை.
ஃபோர்க்லிஃப்ட் ந்தோகோசோவை விடவில்லை.
பதினான்கு பேர்.
ரூட் மட்டும் உள்ளூர்க்காரன்,
அவனுக்கு ஜோபர்க்கின் சாட்சி வேண்டாம்;
ஆனால் அவனுக்குச் சர்க்கரை ஏற்றத் தெரியாது.
துறையில் கப்பல், மணிக்கு இத்தனை ராண்ட் என்று நின்றது.
பூபாலன் தனக்குத் தெரிந்த மூன்று தமிழ்ச் சொற்களில்
இரண்டை என்மேல் செலவழித்தான்.

தயாஷ்னி எடைச்சீட்டுகளைக் கையால் எழுதத் தொடங்கினாள்.
அடியில் எல்லுமலை,
அதற்கடியில் கார்பனின் நீலத்தில் எல்லுமலை.
கொக்கி போட்ட ல. பள்ளிக்கூடத்துக் கை.

நாலு பத்துக்கு இணைப்பு வந்தது.
எல்லாப் பெயரும் கொட்டிவிடும் என்று சுற்றி நின்றார்கள்.
கொட்டாது.
கேஷ் தானாக யாரையும் நினைத்துக்கொள்வதில்லை.
யாராவது கேட்டால்தான் ஒரு பெயர் உள்ளே வரும்.

"என்னை முதலில் கேள்."
பின்னால் பூபாலன் முனக, கேட்டேன்.
ஒரு மூச்சு நேரம் வெறும் கட்டம் துடித்தது,
போய்வரும் தூரம்.
வந்தது. இரண்டு லகரத்தோடு.

அவள் அதை வாசிக்கக்கூட இல்லை,
கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள்.
பிறகு சர்க்கரைத் தூசி படிந்த விரலால்
வெளியே காட்டினாள்.
"கிடங்கு எட்டில் ஒரு பெட்டி இருக்கிறதே?"

இருக்கிறது, என்றேன்.
அங்கே ஒரு பெயரை மட்டும்.
விடியட்டும்.